வாயை மூடு, மகள்

“வாயால மூச்சு விடுறாளாம்,” என்று சுஹைரா மூன்றாந்தடவையும் சொன்னாள்.

பாயிஸ் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “பின்னென்ன, காதாலயா விடுவாள்?”

“பகிடி விடாதீங்க. பல்லு மிஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகள்ட வாயெல்லாம் பார்த்தவ. நம்மட றுக்கியாட மேல்வாய் ஒடுக்கமாம். புதுப் பல்லு வர இடம் காணாதாம். மூக்கு அடைச்சு வாயால மூச்சு விடுற பிள்ளைகளுக்கு இப்பிடி வருமாம். குறட்டை விடுறாளா எண்டும் பார்க்கட்டாம். வகுப்பு டீச்சர் கேட்டடியில வச்சுச் சொன்னா. வாற வியாழன் உம்மாவோ வாப்பாவோ பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டி வரட்டாம்.”

பாயிஸின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. “ஆர்ட பிள்ளைக்கு?”

“உங்கட பிள்ளைக்குத்தான்.”

“பல்லு பாயிஸ்ட பிள்ளைக்குப் பல்லில பிழையோ?”

கேள்வி நியாயமானதுதான். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற அத்தனை பேருக்கும் பாயிஸின் பல்லைத் தெரியும். மூட்டையின் வாயைத் தைத்த நூலை அவிழ்க்க மற்றவர்கள் கத்தி தேடுவார்கள். பாயிஸ் குனிவான், நூலின் நுனியைக் கடிப்பான், தலையை ஒரு வெட்டு வெட்டுவான். சர்ரென்று நூல் முழுதும் கழன்று வரும். ஹஜ்ஜுப் பெருநாள் விளையாட்டில் ஆள் ஏறிய வள்ளத்தைக் கயிறு கடித்துக் கரைக்கு இழுத்தவனும் அவன்தான். அவனுடைய முதுகு போய்விட்டது, முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது. பல்லு மட்டும் வாங்கின நாளில் இருந்தபடியே இருக்கிறது.

அந்தப் பல்லுக்கு வாரிசு ஏழு வயது றுக்கியா. அவள் சமையல் குசினியின் வாசலில் நின்றபடி, “வாப்பா, அண்டைக்கு மிஸ் வந்த நேரம்...” என்று தொடங்கினாள்.

“வாயை மூடு, மகள்!” என்றான் பாயிஸ். “மூக்கால மூச்சு விடு!”

றுக்கியா வாயை மூடினாள். அவளுக்கு அது பெரிய கஷ்டம். காலையில் கண் விழிக்குமுன் வாய் விழிக்கிற பிள்ளை அவள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சுஹைராவின் தாத்தா, அதாவது அக்கா, ஸுல்பிகாவின் வீடு அதே வளவுக்குள் இருந்தது. சுஹைராவின் வாப்பா இரண்டு பெண்மக்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் எல்லை ஒரு முருங்கை மரம். முருங்கை மரம் எந்தக் கதையையும் தடுக்காது.

“மச்சான், கேள்விப்பட்டீங்களா?” ஸுல்பிகாவின் குரல் மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. “எங்கட பஸ்மியாவுக்கு ஒரு குறையும் இல்லையாம். இப்பிடி வடிவான வாயை நான் கண்டதில்லை எண்டு பல்லு மிஸ்ஸே சொன்னவவாம்! சும்மாவா, சின்னனில இருந்து நான் பார்த்துப் பார்த்து வளர்த்தனான்.”

“சந்தோசம் மதினி,” என்றான் பாயிஸ். அதைச் சொல்லிய பல்லு நறநறவென்றது.

பஸ்மியாவும் றுக்கியாவும் ஒரே வயது, ஒரே வகுப்பு. பஸ்மியா சாதுப் பிள்ளை. சத்தம் போடமாட்டாள், ஓடமாட்டாள், இருத்திய இடத்தில் இருப்பாள். அரைக்கண்ணும் அரைவாயுமாக, எப்போதும் எதையோ சொல்ல வந்து மறந்ததுபோல் ஒரு பார்வை. பிள்ளையென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே சொல்லும். வாயாடி றுக்கியாவைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் துறைமுகத்தில் கோதுமை மாக் கப்பல். பாயிஸோடு சோடி போட்டு மூட்டை பிடிக்கிறவர் கனகசுந்தரம். உலகத்தில் அவரிடம் மருந்தில்லாத வருத்தம் இல்லை. பாயிஸ் ஆளைச் சொல்லாமல் கதையைச் சொன்னான்.

“இதெல்லாம் ஒரு வருத்தமே, பாயிஸ்? பிள்ளையை வாய் நிறையத் தண்ணி வச்சிருக்கச் சொல்லு. வாய்க்குள்ள தண்ணி நிண்டா காத்து எப்பிடிப் போறது? தன்பாட்டில மூக்கால விடும்.”

“அண்ணை, இது சரிவருமா?”

“வராம? சொல்றது ஆர்?”

அன்று பின்னேரமே வைத்தியம் தொடங்கியது. றுக்கியா கன்னம் இரண்டும் புடைக்கத் தண்ணீரை வைத்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றாள். பாயிஸ் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அவளுடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கு விரிந்தது, சுருங்கியது. அருமையாக வேலை செய்தது. அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

அந்த நேரம் பார்த்து ஸுல்பிகா வந்தாள். கலியாண வீடொன்றுக்குப் போகப் புதுச் சல்வார் உடுத்தியிருந்தாள்.

“என்ன மகள், கன்னத்தில என்ன வீக்கம்? பல்லு வருத்தம் கூடிட்டுதா? அல்லாஹ்வே! எங்கட பஸ்மியாவுக்கெண்டா மிஸ் என்ன சொன்னவ தெரியுமா? இப்பிடி ஒரு வாயை...”

றுக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமுமில்லை. வாயிலிருந்த அவ்வளவும் ஸுல்பிகாவின் புதுச் சல்வாரில் கழுத்திலிருந்து கால்வரை போய்ச் சேர்ந்தது.

“நான் சிரிச்சது ஏனெண்டா பெரியம்மா...”

“வாயை மூடு, மகள்!” என்று பாயிஸ் கத்தினான்.

ஸுல்பிகா கலியாணத்துக்குப் போகவில்லை. முருங்கை மரத்தடியில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “வாயும் சரியில்லை, வளர்ப்பும் சரியில்லை!”

அவர்கள் ஊரான கிண்ணியாவில் இப்படி ஒரு வசனம் ஓட்டோவை விட வேகமாகப் போகும். அடுத்த நாள் பாலத்தைக் கடந்து துறைமுகத்துக்கும் வந்துவிட்டது. “என்ன பல்லு, மகளுக்கு வாய் கோணலாமே?” என்று ஒருவன் லொறிக்கு மேலிருந்து கேட்டான். பாயிஸ் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். அன்றைக்கு அவன் கடித்த நூல்களெல்லாம் நடுவில் அறுந்தன.

வெள்ளிக்கிழமை பாயிஸ் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது, சாப்பிட்ட பிள்ளைகள் இரண்டும் ஒரே பாயில் படுத்திருந்தன. பெரியவர்கள் முகம் பார்ப்பதில்லை என்றாலும் பிள்ளைகளுக்கு எல்லை கிடையாது. பஸ்மியா சாப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போய், போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக் கிடந்தாள். றுக்கியா மல்லாந்து கிடந்தாள்.

பாயிஸ் மெதுவாகக் குந்தினான். குறட்டை விடுகிறாளா என்று பார்க்கச் சொன்னார்களே, பார்த்துவிடலாம். மகள் குறட்டை விடமாட்டாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

கர்ர்ர்... என்றது பாய். பிறகு ஒரு நிறுத்தம். மூச்சே இல்லாதமாதிரி ஒரு நிறுத்தம். பிறகு திணறிக்கொண்டு மறுபடி, கர்ர்ர்...

பாயிஸ் குனிந்து மகளுடைய முகத்தைப் பார்த்தான். றுக்கியாவின் வாய் திறந்து திறந்து மூடியது. உண்மையில் அவள் நித்திரையிலும் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். பாயிஸுக்கு அது எங்கே தெரியப்போகிறது? சத்தம் கேட்டது, வாய் திறந்திருந்தது. கப்பலும் ஊதுகிறது, புகையும் வருகிறது, இனி என்ன சாட்சி வேண்டும்?

அவன் குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னங்க?” என்றாள் சுஹைரா.

“மிஸ் சொன்னது சரி போல,” என்றான். “பிள்ளை மூச்சுக்குப் பாடுபடுது, சுஹைரா.”

“அப்ப வியாழக்கிழமை கூட்டிட்டுப் போங்க. மருந்திருக்குத்தானே?”

“போறன். ஆனா இப்பிடியே கொண்டுபோய்க் காட்ட ஏலாது. அதுக்குள்ள கொஞ்சமாவது சரிப்பண்ணிக் கூட்டிட்டுப் போவம். பல்லு பாயிஸ்ட பிள்ளை வெறுங்கையோட போறதா?”

கனகசுந்தரத்திடம் இரண்டாவது மருந்தும் இருந்தது. “வாய் ஒடுக்கம் எண்டா தாடை அலகு வேலை செய்யேல்ல எண்டு அர்த்தம். உன்ட அலகு எப்பிடி வந்தது? கடிச்சுக் கடிச்சு வந்தது. பிள்ளைக்குக் கரும்பு வாங்கிக் குடு. கந்தளாய்ப் பக்கத்துக் கரும்பு, நல்ல முத்தினதாப் பார்த்து.”

பாயிஸ் ஒரு கட்டுக் கரும்போடு வந்தான். றுக்கியா மரத்தடியில் குந்தியிருந்து கடித்தாள். பாயிஸ், படைத்தலைவர் அணிவகுப்பைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தான்.

“தோலை வெட்டித் தரட்டா?” என்று சுஹைரா கேட்டாள்.

“விடு! பல்லால உரிக்கட்டும். ஆர்ட மகள்!”

உண்மைதான். றுக்கியா உரித்தாள். கடித்தாள், திருகினாள், இழுத்தாள். கணு முறிந்து சப்பென்று வந்தது. பாயிஸ் கையைத் தட்டினான். தட்டிய கை அப்படியே நின்றது. கரும்பின் நுனியில் வெள்ளையாக ஒன்று குத்திக்கொண்டு நின்றது.

“வாப்பா, பல்லு!” என்று றுக்கியா குதித்தாள். முன்பல் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. “எத்தினை நாளா ஆடினது!”

ஏழு வயதில் பால்பல் விழுவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான் என்று சுஹைரா எவ்வளவோ சொன்னாள். பாயிஸின் காதில் ஏறவில்லை. மிஸ் போன தடவை பார்த்தபோது வாய் ஒடுக்கம் மட்டும். இந்தத் தடவை வாய் ஒடுக்கம், ஒரு பல்லும் இல்லை. இன்னொரு வியாழக்கிழமை போனால் பிள்ளைக்கு வாயே இருக்காது.

“வாப்பா, அழாதீங்க. ஒரு கதை சொல்றன், அண்டைக்கு மிஸ்...”

“வாயை மூடு, மகள்!” இந்தத் தடவை அவன் கெஞ்சினான். “ஒருத்தரும் காணக்கூடாது. வாயைத் திறந்துராத.”

முருங்கை மரத்தடியில் பஸ்மியா நின்றுகொண்டு, தின்ன மறந்த கரும்புத் துண்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸே புகழ்ந்த வாய் இலேசாகத் திறந்திருந்தது.

பாயிஸ் அவளைப் பார்த்தான். பிறகு இன்னொரு தடவை பார்த்தான். அந்த இரண்டாவது பார்வையில்தான் யோசனை வந்தது.

பள்ளிக்கூட உடுப்போடு, வெள்ளைப் பர்தாவைத் தலையைச் சுற்றிப் போட்டால் இரண்டு பிள்ளைகளும் ஒன்றுதான். ஒரே உயரம், ஒரே நிறம். மிஸ் அன்றைக்குப் பார்த்த வாய்கள் எத்தனையோ. முகத்தையா ஞாபகம் வைத்திருக்கப் போகிறா? குறையே இல்லாத வாயை ‘இதுதான் றுக்கியா’ என்று கொண்டுபோய்க் காட்டினால், “மன்னிக்கவும் நானா, உங்கட பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை” என்று அண்ணன் முறை வைத்து மிஸ்ஸின் வாயாலேயே வரும். ஊர் வாய் அடைபடும். அதற்குப் பிறகு றுக்கியாவை ஊருக்குத் தெரியாமல் நகரத்தில் ஒரு பெரிய டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். பிள்ளைக்கும் மருந்து, பேருக்கும் மருந்து. ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்குகிற மாதிரி, பாரமே தெரியாது.

வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் நின்றான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கப்போவதாக ஸுல்பிகாவுக்குச் சொன்னான். சல்வாருக்கு நட்டஈடாக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். றுக்கியாவை வீட்டில் விடப் பார்த்தான். அது நடக்கிற காரியமில்லை. மூன்று பேரும் ஓட்டோவில் ஏறினார்கள்.

“பஸ்மியா, மகள், இண்டைக்குக் கொஞ்ச நேரத்துக்கு உங்கட பேர் றுக்கியா. சரியா?”

“ஓம் சாச்சா,” என்றாள் பஸ்மியா. அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

றுக்கியாதான் துள்ளினாள். “வாப்பா! அண்டைக்கும்...”

“வாயை மூடு, மகள். நீங்க ஓட்டோவுக்குள்ளேயே இருக்கணும். மூச்சுக் காட்டக்கூடாது.”

கிளினிக் வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். “இதுதானே பல்லு பாயிஸ்?” என்று ஒருத்தி அடுத்தவளின் காதில் சொன்னாள். பாயிஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான்.

பல்லு மிஸ் பிரசாந்தினி தம்பலகாமத்து ஆள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பிள்ளையைக் கதிரையில் சாய்த்து, கதைத்துச் சிரித்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தா. மேல்வாயைப் பார்த்தா. வாயை மூடச் சொல்லி, மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தா.

பாயிஸ் சிரிக்கத் தயாராக நின்றான்.

“ஓம் நானா,” என்றா மிஸ். “அண்டைக்குப் பார்த்த மாதிரியேதான் இருக்கு. மேல் அண்ணம் நல்லா ஒடுங்கியிருக்கு. மூக்கால காத்து ஒழுங்காப் போகேல்ல. மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்திருக்கலாம், அதை மூக்குத் தொண்டை டொக்டர்தான் பார்த்துச் சொல்லணும். பல்லுச் சீராக்கிற டொக்டரிட்டயும் காட்டுவம். பயப்பிட ஒண்டுமில்லை. இந்த வயசில அலகு இன்னும் வளருது. இப்பவே பிடிச்சா லேசு.”

பாயிஸ் பஸ்மியாவைப் பார்த்தான், மிஸ்ஸைப் பார்த்தான். பிறகு சிரித்தான். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. பெருநாளில் வள்ளம் கரை தட்டிய அன்றைக்கும் அவன் இப்படிச் சிரிக்கவில்லை. பல் முழுதும் தெரிந்தது.

“மாட்டிட்டீங்க மிஸ்!” என்றான், வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. “இது என்ட மகளே இல்லை! இது என்ட மதினிட மகள் பஸ்மியா! ஒரு குறையும் இல்லை, இப்பிடி வடிவான வாயைக் கண்டதே இல்லை எண்டு நீங்களே சொன்ன பிள்ளை! ஒரே வாயைப் பார்த்து அண்டைக்கு ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை! இதை நம்பித்தானே என்ட பிள்ளையை ஊர் முழுக்கக் கோணல்வாய் எண்டு கதைக்குது? பல்லு பாயிஸ்ட பிள்ளைட வாயில பிழை பிடிக்க ஆராலயும் ஏலாது!”

தாய்மார் எழும்பி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மிஸ்ஸின் முகம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டா.

“பிள்ளையை மாத்திக் கொண்டுவந்தனீங்களா, நானா?”

“ஓம்! கொண்டுவந்தபடியாத்தானே வெளிச்சுது!”

“பேர் எனக்குப் பிழைச்சிருக்கலாம். இந்த வாயை நான் அண்டைக்கும் பார்த்தனான், அதில பிழையில்லை. கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்க. கேளுங்க.”

எல்லோரும் கேட்டார்கள்.

கர்ர்ர்... என்றது கதிரை.

பல்லுக் கதிரையில் பிள்ளைகள் அழும், கடிக்கும், எழும்பி ஓடும். இவ்வளவு சத்தத்துக்குள் அதில் நித்திரையாய்ப் போன பிள்ளையை ஒருவரும் கண்டதில்லை. பஸ்மியா தலையைச் சரித்து, வாயைத் திறந்தபடி கிடந்தாள். மூச்சு நின்றது. பாயிஸின் மூச்சும் நின்றது. பிறகு அவள் திணறிக்கொண்டு இழுத்தாள். கர்ர்ர்...

வெள்ளிக்கிழமை பாயிலிருந்து வந்த அதே சத்தம்.

“இந்தப் பிள்ளை சாது எண்டு வீட்டில சொல்றவையா?” என்று மிஸ் மெதுவாகக் கேட்டா.

“ஊரே சொல்லுது, மிஸ்.”

“ராவில நித்திரை இல்லாத பிள்ளை வேற எப்பிடி இருக்கும், நானா?”

பாயிஸ் தன் கையைப் பார்த்தான். மூட்டை தூக்கிக் காய்த்த கை. அந்தக் கையை மெல்லக் கொண்டுபோய்ப் பஸ்மியாவின் நெற்றியில் வைத்தான். இத்தனை நாளாக அவளைப் பார்த்துத் தன் பிள்ளையும் இப்படி அடங்கி இருக்கக்கூடாதா என்று எண்ணியிருக்கிறான். அது அடக்கமில்லை, அசதி. அசதியைப் பற்றி அவனுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

“எங்க கொண்டுபோகணும், எப்ப கொண்டுபோகணும் எண்டு சொல்லுங்க மிஸ்,” என்றான். நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது, ஆனால் இது வேறு நிமிர்வு. “இவட உம்மாவோட நான் கதைக்கிறன். ஏசுவா, ஏசட்டும். இவவும் என்ட பிள்ளைதான். நானே தூக்கிட்டுப் போறன்.”

“நல்லது நானா.”

“எண்டாலும் ஒண்டு விளங்கேல்ல. அண்டைக்கு இவவைக் குறையில்லை எண்டு எப்பிடிச் சொன்னீங்க? அப்ப, என்ட மகளை...”

“அதுதான் எனக்கும் விளங்கேல்ல,” என்றா மிஸ்.

ஜன்னல் கம்பியில் பத்து விரல்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, வாய் இறுக மூடிய, கண்ணிரண்டும் வெடிக்கப் பார்க்கிற ஒரு முகம். ஓட்டோவில் இருக்கச் சொன்ன றுக்கியா.

“உனக்கு என்னவும் தெரியுமா?” என்றான் பாயிஸ். “வாயைத் திறந்து சொல்லு, மகள்!”

றுக்கியா, விழுந்த பல்லின் ஜன்னல் முழுதும் தெரியச் சிரித்தாள்.

“அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில பஸ்மியாவைக் கூப்பிடக்குள்ள அவ வாங்கில நித்திரை வாப்பா, டீச்சர் ஏசுவா எண்டு அவட பேருக்கு நான் போனன், பிறகு என்ட பேருக்கு அவ போனா, மிஸ் குறையே இல்லை எண்டு சொன்ன பல்லத்தான் நீங்க கரும்பு தந்து விழுத்தினீங்க!”